கூரை போவதற்குள் ஓர் ஆலையையாவது காப்பாற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய நகரங்களின் பழைய எரிவாயுத் தொட்டிகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். லண்டனையும் வியன்னாவையும் விரிவாக எழுதியவர், ஜெர்மனியின் ஓபர்ஹவுசனை ஒரே வரியில் கடந்துவிட்டார். கேரளத்தின் பீர்மேடு மலையில், பூட்டிக் கிடக்கும் தேயிலை ஆலைகளுக்கு நடுவே வாழும் எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகப் பட்டது.

தொட்டிகள் இயங்கிய விதத்தையும் அவர் சொல்லியிருக்கலாம். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கி எடுத்த வாயுவைத்தான் 19ஆம் நூற்றாண்டு நகரங்கள் விளக்குக்கும் அடுப்புக்கும் எரித்தன. கல்கத்தாவில் 1857இலேயே தெருவில் வாயு விளக்கு வந்துவிட்டது. நாள் முழுவதும் உற்பத்தியாவதைச் சேர்த்துவைத்து, தேவை கூடும் மாலையில் அனுப்ப ஒரு கலம் வேண்டும். மாடு வைத்திருந்த வீடுகளில் சாண எரிவாயுக் கலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்ணீரில் கவிழ்த்த இரும்புக் கலம் வாயு சேரச் சேர எழும்பும், செலவாகச் செலவாக இறங்கும்; அதன் எடையே வாயுவைக் குழாயில் தள்ளும். லண்டன் கிங்ஸ் கிராஸில் இன்று அடுக்குமாடி வீடுகளைச் சுற்றி நிற்கிற வார்ப்பிரும்புத் தூண்கள், கலம் சாயாமல் ஏறி இறங்குவதற்காக நிறுத்தப்பட்டவை. அவற்றைக் கழற்றி, யார்க்ஷயருக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்து, கால்வாயின் மறுகரையில் நிறுத்தினார்கள். அருமையான வேலை. ஆனாலும் அங்கே வீடு வாங்க பெரும் பணக்காரர்களால்தான் முடியும்.

வியன்னாவில் வாயுத் தொட்டிகளுக்காக 1899இல் கட்டி முடித்த நான்கு செங்கல் கட்டடங்கள் 1984இல் பயன்பாட்டிலிருந்து விலகின. 2001இல் அவற்றில் மக்கள் குடியேறினார்கள். மாணவர் விடுதியோடு நகர ஆவணக் காப்பகமும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் காப்பகத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஓபர்ஹவுசன் நிலக்கரியும் எஃகுமாக வாழ்ந்த தொழிலாளர் ஊர். உலைகளின் வாயுவைச் சேர்த்துவைக்க 1929இல் எழுந்த 117 மீட்டர் உயரத் தொட்டி 1988இல் மூடப்பட்டது. இடிக்காமல் 1994இல் அதைக் கண்காட்சிக்கூடமாகத் திறந்தார்கள். முதல் கண்காட்சியின் பொருள் என்ன தெரியுமா? அந்த ரூர் வட்டாரத்தின் 200 ஆண்டுத் தொழில் வரலாறு. தங்கள் கதையைச் சொல்லத்தான் முதலில் அந்தக் கதவைத் திறந்தார்கள்.

இங்கே, பீர்மேடு தாலுகாவில், 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை விழுந்தபோது பூட்டிய ஆலைகள் இன்னும் பூட்டியே கிடக்கின்றன. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே ஓர் ஆலை இருக்கிறது. கொழுந்தை உருட்டும் ரோலர் இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. கூரைத் தகடுகளில் பாதியைக் காணவில்லை. கொழுந்து வாட்டும் மாடியில் பலகைகள் மழையில் உப்பிப் பெயர்கின்றன. கொழுந்து எடை போட்ட இடத்துச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிய கணக்கு மட்டும் அழியாமல் நிற்கிறது. அலுவலக அறையில், தொழிலாளர் பெயரும் வேலை நாளும் கூலியும் பதிந்த செக்ரோல் புத்தகங்களைக் கரையான் தின்கிறது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறி வந்தவர்களின் பெயர்கள் அவற்றில்தான் இருக்கின்றன. எங்கள் பாட்டன்மாருக்கு வேறு ஆவணம் கிடையாது.

ஆலையை விற்றாலாவது தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய கிராஜுவிட்டி (பணிக்கொடை) பாக்கி கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். பாக்கி முதலில் தீர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ரோலர்கள் விற்ற பணத்தில் இங்கே ஒரு குடும்பத்துக்கும் ஒரு காசு வரவில்லை. மிஞ்சிய சுவர்களை இடித்தால் மட்டும் வந்துவிடுமா?

பழைய வாயு ஆலைகளின் மண்ணில் தாரும் சயனைடும் ஊறியிருந்தன; அதைச் சுத்தம் செய்யவே பெருஞ்செலவு. தேயிலை ஆலைக்கு அந்தத் தொல்லை இல்லை. நல்ல வெளிச்சமும் அகன்ற தளமும் உள்ள கட்டடம். கூரை போட்டால் பாதி வேலை முடிந்தது. மூணாறு நல்லதண்ணியில் 2005 முதல் தேயிலை அருங்காட்சியகம் நடக்கிறது. பீர்மேட்டில் ஓர் ஆலையைக் கேரள அரசு ஏற்று, கீழே வேலைவாய்ப்புப் பயிற்சிக்கூடமும் மேலே செக்ரோல் காப்பகமும் நூலகமும் அமைக்கலாம். தமிழும் மலையாளமும் அங்கே சேர்ந்தே இருக்கட்டும்.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் செக்ரோல்களையாவது உலர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். தங்கள் செய்தியாளரும் புகைப்படக்காரரும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். வழிகாட்ட நாங்கள் இருக்கிறோம்.

தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்