செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: சாப்பிட்ட கடைகளும் மூடிய கடைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சிரமம் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது சங்கத்தின் பன்னிரண்டாம் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்காக ஒரு வார்த்தை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று வேலூரிலோ சுற்றுவட்டாரத்திலோ ஒரு கடைக்குப் போய், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, அந்தக் கடையின் கதையைக் கேட்டுவருவது நமது சங்கத்தின் வேலை. சைவம், அசைவம், பெரியது, சிறியது என்ற பேதம் கிடையாது. அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர் பணம்.

ஜூலை 10 அன்று மக்கான் அருகே உள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மலர் வைத்தோம். ஆகஸ்டு 15 அன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கல் விழா நடந்தது. செயற்குழு நான்கு முறை கூடியது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினோம். பன்னிரண்டு சாப்பாட்டுக் கூட்டங்களில் பதினொன்று நடந்தன. டிசம்பர் மாதக் கூட்டம் மழையால் கைவிடப்பட்டது.

நவம்பரில் பஸ் பிடித்து ஆம்பூர் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவந்தோம். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டமாயிற்றே, விதிப்படி நமது எல்லைக்குள் வருமா என்று ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் கேட்டிருந்தார். நம்மில் பாதிப் பேருக்கு மேல் பிறந்தது வடஆற்காடு மாவட்டத்தில். 1989-இல் ஒரு முறையும் 2019-இல் ஒரு முறையும் அந்த மாவட்டத்தைப் பிரித்தார்கள். அதற்காகச் சீரகச் சம்பாவும் கத்திரிக்காய்ப் பச்சடியும் நமக்கு அந்நியமாகிவிடாது. எல்லை விஷயத்தில் என் முடிவு சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

இனி நான் விரிவாகப் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, “நம் சங்கம் கால் வைத்த கடை விளங்காது” என்றார். பலர் கைதட்டினார்கள். நான் அன்று பதில் சொல்லவில்லை. கையில் ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்று இருந்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் 2013 முதல் உள்ள நமது நோட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து உட்கார்ந்தேன். அப்படித் தொடங்கியதுதான் நீங்கள் மேசையில் பார்க்கும் பதிவேடு. நாம் சாப்பிட்ட 94 கடைகளில் 38 இன்று இல்லை. அந்த 38 கடைகளுக்கும் தலா ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். எந்தத் தெரு, என்ன சாப்பிட்டோம், யார் சமைத்தார்கள், ஏன் மூடினார்கள் என்று எழுதி, கிடைத்த இடத்தில் ஒரு புகைப்படமும் ஒட்டியிருக்கிறேன். முதலாளிகளில் பலரை நேரில் தேடிப் போனேன். ஒருவர் இப்போது காட்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒருவர் சத்துவாச்சாரியில் ஆட்டோ ஓட்டுகிறார்.

கடைகள் நம்மால் மூடவில்லை. லாங்கு பஜார் பக்கம் கல் மேசை போட்டிருந்த டிபன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்தில் வாய்வார்த்தையாகப் பேசிய வாடகை. கட்டிடச் சொந்தக்காரரின் பிள்ளைகள் பாகம் பிரித்தபோது கடையைக் காலி செய்யச் சொன்னார்கள். வேறு இடம் பார்த்தால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். கல்லாவில் இருந்தவர் எழுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் இருவரும் பெங்களூருவில் கணினி வேலை பார்க்கிறார்கள். வேறென்ன செய்வார்? கொசப்பேட்டையில் பரோட்டாவுக்குப் பெயர்போன கடையில் மாஸ்டர் வளைகுடா போனார். ஆறு மாதத்தில் கடை போயிற்று. நெடுஞ்சாலையை அகலப்படுத்திய பிறகு லாரி நிறுத்த இடம் இல்லாமல் சாலையோரக் கடை ஒன்று படுத்தது. ஆபீசர்ஸ் லைன் மாடியில் சிவப்பு விளக்கு தொங்கவிட்டிருந்த சைனீஸ் உணவகம், நம்மில் பலர் முதன்முதலில் நூடுல்ஸை முட்கரண்டியில் சுற்றிய இடம், குளிர்சாதனத்தின் மின்கட்டணத்தைத் தாங்க முடியாமல் மூடியது. வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகளில் சேர்ந்தால் பிழைக்கலாம் என்று நம்பிய ஒருவர், நூறு ரூபாய் பில்லுக்கு இருபது ரூபாய்க்கு மேல் கழிவு போனதாகக் கணக்கு நோட்டைத் திறந்து காட்டினார். 19 கிலோ சிலிண்டரின் விலையைப் பற்றிப் பேசாத முதலாளி ஒருவர்கூட இல்லை.

ஒரு பக்கத்தை மட்டும் உங்களுக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். ஐடா ஸ்கடர் சாலைக்குப் பின்னால், சந்துக்குள் இருந்த வங்காளி மெஸ்.

1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கியது சி.எம்.சி. மருத்துவமனை. இன்று அங்கே மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அவர்களோடு அவர்கள் ஊர்ச் சோறும் வேலூருக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சந்துகளில் பெயர்ப் பலகைகள் வங்காள மொழியில் தொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே நுழைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்த மெஸ் நடத்தியவர், தாயாரின் சிகிச்சைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஜூன் மாதம் நாம் போனபோது ரோகு மீனைக் கடுகு அரைத்த குழம்பில் போட்டு வைத்திருந்தார். உருளைக்கிழங்கைக் கசகசா அரைத்துவிட்டு வதக்கியிருந்தார். கடுகெண்ணெயின் நெடி மூக்கில் ஏறியதும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தட்டைத் தள்ளி வைத்தார். மெஸ்காரர் எதுவும் சொல்லாமல், ஒரு கைப்பிடி சூடான சோற்றைத் தட்டின் ஓரத்தில் வைத்து, அதன்மேல் ஒரு கரண்டி குழம்பை மட்டும் ஊற்றி, பச்சை மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் போட்டு அவர் முன்னால் நகர்த்தினார். அடுத்த பத்து நிமிடத்தில் அந்த உறுப்பினர் இரண்டாவது மீன் துண்டு கேட்டார்.

2020-இல் ஊரடங்கு வந்தபோதும் அந்த மெஸ் பிழைத்தது. அந்த மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் கிளம்பும்வரை, ஊர் திரும்ப வழியில்லாமல் விடுதிகளில் கிடந்தவர்களுக்கு இவர் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஆனால் 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறியபின் விசா கிடைப்பது அரிதாயிற்று. அங்கிருந்து வரும் நோயாளிகள் குறைந்தார்கள். இவருக்கு வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். பிப்ரவரியில் நான் புகைப்படம் எடுக்கப் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் நமக்காக ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிரித்தால், நாம் அன்று கேட்டிருந்த கசகசா உருளைக்கிழங்கின் செய்முறை, தமிழ் தெரிந்த யாரையோ வைத்து எழுதியது. அதைப் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் சங்கப் பணத்தைச் செலவழிக்கலாமா என்று செயற்குழுவில் கேட்டார்கள். பைண்டிங், படங்களின் பிரதி, லாங்கு பஜார் டிபன் கடையின் விலைப் பலகையைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டுவந்த வண்டிக் கூலி, இவ்வளவுதான் செலவு. அதிலும் பாதி என் கையிலிருந்து போனது. அந்தப் பலகையில் ‘இட்லி 40 காசு, காபி 75 காசு’ என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கிறது. சங்கத்துக்கு என்று ஓர் அறை இல்லாததால் என் வீட்டுத் தாழ்வாரத்தில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். மழைச் சாரல் படுகிறது.

அடுத்து அக்டோபர் 13. இதைச் சொல்லாமல் இந்த அறிக்கையை முடிக்க எனக்கு மனம் இல்லை.

புரட்டாசி மாதம் என்பதால் சைவ மெஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நம் வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு தம்பதி வீட்டு முன்னறையில் நடத்திவந்த மெஸ். பந்திக்குப் பன்னிரண்டு பேர் உட்காரலாம். 22 பேர் பெயர் கொடுத்தார்கள். ஆயுத பூஜை, விஜயதசமியை ஒட்டிவரும் ஞாயிறு என்று தெரிந்தேதான் கொடுத்தார்கள். அந்த அம்மாள் விடியற்காலை ஐந்து மணிக்கே மசாலா அரைத்து, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் எண்ணெய்க் குழம்பு வைத்திருந்தார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் காய். காம்பில் முள் இருக்கும், உள்ளே சதை வெண்ணெய்போல் குழையும். மொச்சைக் கூட்டு, மிளகு ரசம், அப்பளம், பாயசம். 22 இலைகளைத் துடைத்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

வந்தவர்கள் ஒன்பது பேர்.

ஒன்றரை மணிவரை காத்திருந்தோம். அந்த அம்மாள் மூன்று முறை வாசலுக்கு வந்து, “இன்னும் வருவார்களா அண்ணா, அப்பளம் பொரிக்கட்டுமா?” என்று கேட்டார். முதல் இரண்டு முறை பொரிக்கச் சொன்னேன். மூன்றாவது முறை என்னால் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் சாப்பிட்டு எழுந்தபோது பதின்மூன்று இலைகள் அடுக்கு குலையாமல் அப்படியே இருந்தன. மேல் இலையில் துடைத்த ஈரம் காய்ந்து, ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது. பதின்மூன்று சாப்பாட்டுக்கு 1,560 ரூபாயை நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் கணவர் வாங்க மறுத்தார். மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வராத பதின்மூன்று பேரில் முன்கூட்டித் தொலைபேசியில் சொன்னவர்கள் இரண்டு பேர். பிறகு வருத்தம் தெரிவித்தவர் ஒருவர்.

ஜனவரியில் அந்த மெஸ்ஸும் மூடிவிட்டது. நமது பதின்மூன்று பேரால்தான் மூடியது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு கடன்களும் இருந்தன. ஆனால் பதிவேட்டில் அந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது, ‘ஏன் மூடினார்கள்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இன்றுவரை அந்த இடம் காலியாக இருக்கிறது.

சந்தா நிலவரத்தையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 46 உறுப்பினர்களில் 19 பேர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. அவர்களில் 11 பேருக்குச் சென்ற ஆண்டுச் சந்தாவும் நிலுவை. பெயர்களை நான் இங்கே வாசிக்கப் போவதில்லை. கையில் வசதி குறைவாக உள்ள இருவர் ஏப்ரல் முதல் வாரத்திலேயே கட்டிவிட்டார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் விவரமாக வாசிப்பார். வங்கி இருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைந்திருக்கிறது. அதற்குக் காரணம் நிலுவைதான், செலவு அல்ல. கணக்குகள் தணிக்கையாகிவிட்டன. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி தாக்கல் செய்ய வேண்டியவற்றை உரிய காலத்தில் தாக்கல் செய்வோம்.

நல்வழி காட்டிய தலைவர் அவர்களுக்கும், துணைத்தலைவர்களுக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், கூட்டம் நடத்த இந்த மண்டபத்தைக் குறைந்த வாடகைக்கு அளித்த நிர்வாகத்தினருக்கும் நன்றி. அக்டோபர் 13 அன்று வந்த எட்டு உறுப்பினர்களுக்குத் தனியே என் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. நான் ஆறு ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். இளையவர் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். ஆனால் பதிவேட்டில் இன்னும் 17 பக்கங்கள் அரைகுறையாக இருக்கின்றன. அந்த முதலாளிகளில் சிலர் மிகவும் வயதானவர்கள். இந்த ஆண்டே போய்க் கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். அதை முடிக்கும்வரை நான் தொடர வேண்டும் என்று இந்தப் பொதுக்குழு கருதினால் மறுக்க மாட்டேன். நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே பதிவேட்டை அச்சிட்டு உறுப்பினருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடலாம். அந்த விலைப் பலகையை மாட்ட நான்கடிச் சுவர் தரக்கூடியவர் நம்மில் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.

இனிமேல் பெயர் கொடுப்பவர்கள் சாப்பாட்டுப் பணத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அடுத்த கூட்டம் மே 11, ஞாயிற்றுக்கிழமை. விருதம்பட்டில் விறகடுப்பில் தம் போடும் சிறிய பிரியாணிக் கடை. மூடியின்மேல் தணல் அள்ளிப் போட்டு, முப்பது பேருக்கு மட்டும் ஒரே சட்டியாக இறக்குகிறார். எத்தனை பேருக்கு அரிசி ஊறவைக்க வேண்டும் என்பதை அவரிடம் சனிக்கிழமை மாலைக்குள் நான் சொல்லியாக வேண்டும். ஒரு சாப்பாடு 180 ரூபாய். நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்