எட்டுக் குழாய்களுக்காக ஒரு நன்றி மடல்

மரபணுத்தொகுதி ஆய்வகச் சேவைப் பிரிவில் பணிபுரியும் அனைவருக்கும், வணக்கம்.

வாய்ப்புற்று நோயாளிகள் 24 பேரின் கட்டித் திசுவையும் இரத்தத்தையும் ஒப்பிட்டு எழுதிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சென்ற வாரம் ஒப்படைத்துவிட்டேன். கட்டணம் கட்டிப் பெற்ற சேவைக்குத் தனியாக நன்றி மடல் எதற்கு என்று உடன் பயிலும் நண்பர் ஒருவர் கேட்டார். உங்கள் கட்டணப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டி.என்.ஏ. பிரித்தெடுப்பு, லைப்ரரி தயாரிப்பு (டி.என்.ஏ.வைக் கருவி படிக்கும் வடிவுக்குக் கொண்டுவருதல்), சீக்வென்சிங் (அதன் எழுத்து வரிசையைப் படித்தல்), தரவுப் பகுப்பாய்வு என எல்லாவற்றுக்கும் அதில் ஒரு தொகை இருக்கிறது. "இந்த மாதிரியை ஓட்டாதீர்கள், பணம் வீணாகும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதற்கு மட்டும் எந்தத் தொகையும் இல்லை.

முதன்முறை உங்களிடம் வந்தபோது, நோய்க்குறியியல் துறையின் அலமாரியிலிருந்து எடுத்த 31 பாரஃபின் பிளாக்குகளிலிருந்து (ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசுத் துண்டுகள்) நானே பிரித்தெடுத்த டி.என்.ஏ.வை, நானோடிராப் என்னும் அளவுக் கருவி காட்டிய அளவுகளோடு சற்றுப் பெருமையாகவே கொண்டுவந்திருந்தேன். அந்தக் கருவி ஒளி உறிஞ்சப்படுவதை மட்டுமே பார்ப்பதால் ஆர்.என்.ஏ.வையும் உடைந்த துணுக்குகளையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கி, இரட்டை இழை டி.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டி ஒளிரும் சாயத்தைக் கொண்டு அளக்கும் கியூபிட் கருவியில் நீங்கள் மீண்டும் அளந்தீர்கள். என் கணக்கில் பாதிகூடத் தேறவில்லை. ஃபார்மலினில் ஊறிய திசுவில் டி.என்.ஏ. நொறுங்குவது மட்டுமன்றி, அதன் எழுத்துகளுள் ஒன்றான சைட்டோசின் யுராசிலாக மாறி, சீக்வென்சரின் கண்ணுக்குத் தைமின் என்னும் வேறோர் எழுத்தாகத் தெரிந்து, இல்லாத புற்றுநோய் மாற்றத்தை இருப்பதாகக் காட்டிவிடும் என்பதை நான் பாடத்தில் படித்திருந்தேன்; என் மாதிரியிலேயே அது நடக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. யுராசிலை முன்கூட்டியே நீக்கும் நொதியைச் சேர்க்க வேண்டும் என்றும், ஏழு பிளாக்குகளை விட்டுவிடுவதே நல்லது என்றும் சொன்னீர்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

2013-இல் சர்வதேசப் புற்றுநோய் மரபணுத்தொகுதிக் கூட்டமைப்பின் இந்தியக் குழு, கன்னத்தின் உட்புறத்திலும் ஈற்றிலும் தோன்றும் புற்றுநோயில் யு.எஸ்.பி.9எக்ஸ், ஏ.ஆர்.ஐ.டி.2 உள்ளிட்ட ஐந்து மரபணுக்கள் புதிதாகத் திரும்பத் திரும்ப மாற்றமடைவதை வெளியிட்டது. அந்த ஆய்வும் நோயாளியின் கட்டியையும் அவரது இரத்தத்தையும் இணையாக வைத்துப் பார்த்ததால்தான், பிறப்பிலேயே வந்த மாறுபாடுகளைக் கழித்து, கட்டியில் மட்டும் நேர்ந்தவற்றைப் பிரிக்க முடிந்தது. இணை தவறினால் எல்லாமே தவறிவிடும். அப்படித் தவற இருந்த ஒரு கட்டத்தைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போகும் அவசரத்தில் 48 மாதிரிகளையும் எட்டெட்டுக் குழாய்கள் கொண்ட ஆறு ஸ்ட்ரிப்புகளில் நிரப்பி உங்களிடம் கொடுத்துவிட்டுச் சென்றேன். தரவு வந்த பிறகு, நான் கேட்காமலேயே, ஒவ்வொரு கட்டியும் அதன் இரத்தமும் ஒரே மனிதருடையவைதாமா என்று உங்கள் தரவுப் பகுப்பாய்வாளர் சரிபார்த்திருக்கிறார். பெண் நோயாளி ஒருவரின் இரத்தம் என்று நான் குறித்திருந்ததில் ஒய் குரோமோசோம் இருந்தது. எட்டு இணைகள் பொருந்தவில்லை. அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, ஒன்றாவது எட்டாவதோடும் இரண்டாவது ஏழாவதோடும் பொருந்துகிறது. ஸ்ட்ரிப்பைத் தலைமாற்றி வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது" என்று நிதானமாகச் சொன்னார். கடிந்து ஒரு சொல் இல்லை.

மாதிரிப் பட்டியலில் பெயர்களை மாற்றி எழுதிவிட்டால் போதும் என்று நான் சொன்னதை நீங்கள் ஏற்கவில்லை. ஊகத்தின் பேரில் பெயர் மாற்றக் கூடாது என்று, எஞ்சியிருந்த மூல இரத்த மாதிரிகளிலிருந்து எட்டையும் புதிதாகப் பிரித்தெடுத்து, அடையாளம் உறுதியான பிறகே திருத்தினீர்கள். ஒருவருடைய எக்ஸோமில் (மரபணுத்தொகுதியில் புரதங்களுக்கான குறிப்பு உள்ள பகுதி) பிறவியிலேயே ஏறத்தாழ 20,000 மாறுபாடுகள் இருக்கும். வேறொருவரின் இரத்தத்தோடு ஒப்பிட்டிருந்தால் அவற்றுள் ஆயிரக்கணக்கானவை கட்டியில் நேர்ந்த மாற்றங்களாகவே தோன்றியிருக்கும். புகையிலையின் வேலை என்று அதற்கும் நான் ஒரு விளக்கம் எழுதியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

பச்சை மூடிக் குழாயில் வந்த இரத்தத்தைக் கண்டதும், அதிலுள்ள ஹெப்பாரின் என்னும் உறைவுத் தடுப்பான், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆரைக் கெடுக்கும், ஊதா மூடியில் வாங்கி வாருங்கள் என்று முதல் வாரத்திலேயே சொன்ன வரவேற்பு மேசை அலுவலருக்கும், திசுச் சீவல் ஒட்டிய ஒவ்வொரு கண்ணாடி வில்லையிலும் கட்டி அடர்ந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்த நோய்க்குறியியல் மருத்துவருக்கும் என் நன்றி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகள் மின்சாரமின்றிக் கிடந்தபோது, ஆர்.என்.ஏ.வுக்காக நான் வைத்திருந்த உறைந்த திசுக்களை, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு உலர்பனி நிரப்பிக் காத்த இரு ஊழியர்கள், முழங்கால் தண்ணீரில் நடந்து வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்களிடம் நேரில் நன்றி சொல்லப் போனபோது, "ஜெனரேட்டருக்கு டீசல் போட வந்தோம், அவ்வளவுதான்" என்று பேச்சை முடித்துவிட்டார்கள்.

தங்கள் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை ஏற்றுக்கொண்டு, தமக்கு இதனால் பயனில்லை என்று தெரிந்தும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட 24 பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர்களது குழாய்களை இடம் மாற்றிவிட்ட என் கையை நீங்கள் பிடித்து நிறுத்தினீர்கள்.

இப்போதெல்லாம் ஸ்ட்ரிப்பின் முதல் குழாயில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்ட பிறகே பிப்பெட்டைத் தொடுகிறேன். ஆய்வேட்டின் படி ஒன்று அடுத்த வாரம் உங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேரும். நடந்த தவறு என்னுடையது என்பதும், அதைக் கண்டுபிடித்தவர்கள் நீங்கள் என்பதும் மூன்றாம் இயலின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

மிக்க நன்றியுடன்,
உங்கள் ஆய்வு மாணவி