போஸ்ட்கார்டைத் திருப்பிப் போட்டும் ஒரு ஸ்கேன் எடுங்க

கரீபியன் துறைமுகங்களோட பழைய படங்களை வச்சிருக்கிற காப்பகங்களுக்கும் மியூசியங்களுக்கும்,

வணக்கம். நான் காரைக்கால்காரன். எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் கரீபியன்ல பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த மர்த்தினிக் தீவுக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பி வரல. 1853 மே 6ஆம் தேதி ஒரேலிங்கிற கப்பல் பாண்டிச்சேரியில இருந்து அந்தத் தீவோட சேன் பியேர் துறைமுகத்துக்கு, கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்ட முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கினது, அப்புறம் ஒரு 30 வருஷத்துல 25,000 பேருக்கு மேல அந்தத் தீவுக்குப் போனது, இதெல்லாம் உங்களுக்கே நல்லாத் தெரியும்.

எனக்கு நடந்ததை மட்டும் சொல்றேன். உங்கள்ல ஒருத்தரோட தளத்துல சேன் பியேர் போஸ்ட்கார்டு ஒண்ணு பார்த்தேன். பாய்மரக் கப்பலுங்க வரிசையா நிக்குது, கரையில பீப்பாயா அடுக்கியிருக்கு, இடது ஓரத்துல தலையில கூடையோட ஒரு பொம்பளை. முந்தானையை இழுத்து இடுப்புல செருகின மாதிரி இருந்துச்சு. அவங்க முகத்து மேலயே உங்க வாட்டர்மார்க். ஜெராக்ஸ் கடையில பெருசா பிரின்ட் போட்டு அம்மாகிட்ட காட்டினேன், லென்ஸ் வச்சுப் பார்த்துட்டு "சும்மாடு கட்டியிருக்கா பாருடா"ன்னாங்க. அந்த ஊர்ப் பொம்பளைங்களும் துணியைச் சுருட்டித் தலையில வச்சுதான் சுமந்தாங்க, அதனால அதை வச்சு நம்ம ஊர்க்காரியான்னு சொல்ல முடியாது. சரி, தெளிவான படம் வாங்கிடலாம்னு 40 யூரோ கட்டி ஆறு வாரம் காத்திருந்தேன். வந்த ஃபைல்ல வாட்டர்மார்க் இல்ல, அந்தப் பொம்பளையும் இல்ல. கப்பல் நடுவுல வரணும்னு ஓரத்தை வெட்டிட்டீங்க.

முழுப் படமும் கார்டோட பின்பக்கமும் அனுப்புங்கன்னு எழுதினேன். பின்பக்கத்துல முக்கியமா எதுவும் இல்ல, ஸ்கேன் பண்ற வழக்கமில்லன்னு ரெண்டு வரி பதில் வந்துச்சு.

முக்கியமில்லையா? 1902 மே 8ஆம் தேதி பக்கத்துல இருக்கிற பெலே எரிமலை வெடிச்சு சேன் பியேர் ஊரே சில நிமிஷத்துல எரிஞ்சு போச்சு, 28,000 பேர் மாதிரி செத்தாங்க, துறைமுகத்துல நின்ன ரொரைமா கப்பல் தீப்பிடிச்சு மூழ்கி இன்னைக்கும் அந்தக் கடலடியிலதான் கிடக்கு. அதுக்கப்புறம் அழியறதுக்கு முன்னாடி எடுத்த படங்களைத் தேடிப் பிடிச்சு கார்டா அடிச்சு வித்தாங்க. அப்ப 1905 முத்திரை குத்தின கார்டுல இருக்கிற கப்பல் அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி நின்ன கப்பலா இருக்கலாம். பிரெஞ்சு கார்டுல 1904க்கு முன்னாடி பின்பக்கம் விலாசத்துக்கு மட்டும்தான், அதுக்கப்புறம்தான் நடுவுல கோடு போட்டு சேதி எழுத இடம் விட்டாங்க. கார்டு எப்ப அடிச்சது, யார் யாருக்கு அனுப்பினதுன்னு சொல்றதே அந்தப் பக்கம்தான். தயவுசெஞ்சு ரெண்டு பக்கத்தையும் போடுங்க, ஓரத்தை வெட்டாதீங்க.

கோபமா எழுதக் கூடாதுன்னுதான் உக்காந்தேன், ஆனா உங்க குறிப்புகளைப் படிச்சா மனசு ஆறல. கப்பலுக்குப் பேர் போடுறீங்க, எந்தக் கம்பெனி, எத்தனை டன்னுன்னு எழுதுறீங்க, மனுஷங்க வந்தா "கூலிப் பெண்"ணு நூறு வருஷத்துக்கு முன்னாடி கார்டு அடிச்சவன் போட்டதையே இன்னைக்கும் போடுறீங்க. அதே மர்த்தினிக்கோட ஃபோர் து பிரான்ஸ் துறைமுகத்துலயும் பக்கத்து சென்ட் லூசியா தீவோட காஸ்ட்ரீஸ்லயும் நீராவிக் கப்பலுக்குக் கூடை கூடையா கரி சுமந்து ஏத்தினது பொம்பளைங்கதான், அவங்க தலைச்சுமைலதான் அந்தக் கப்பலுங்க ஓடுச்சு. சென்ட் தாமஸ் தீவோட சார்லட் அமாலி துறைமுகத்துல 1892ல கரி சுமக்கறவங்க கூலிக்காகத் தெருவுக்கு வந்தாங்களே, முன்னாடி நின்ன குவீன் கோசையாவோட பேரை அந்த ஊர் இன்னும் மறக்கல. படத்துக்குக் கீழ மட்டும் ஏன் "துறைமுகக் காட்சி"ன்னு முடிச்சுடுறீங்க?

இத்தனை வருஷம் பூச்சி அரிக்காம, ஈரம் படாம இந்தக் கார்டுகளைக் காப்பாத்தினது நீங்கதான், அந்த நன்றி எனக்கு நிறையவே இருக்கு. அதனாலதான் திரும்பவும் கேக்குறேன். முழுக் கார்டு, நாலு ஓரமும் தெரியற மாதிரி, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும். இன்னொரு தடவை காசு கட்டணும்னாலும் கட்டுறேன். கார்டு நம்பர் என் பழைய மெயில்லயே இருக்கு. அம்மா அந்த பிரின்ட்டை சாமி அலமாரியில வச்சுட்டு, முகம் தெரியற படம் வந்துச்சான்னு தினமும் கேக்குறாங்க.

பணிவுடன்,
காரைக்கால்ல இருந்து ஒருத்தன்