கணினியில் அழிந்தால் அழிவில்லையா? வெளிவிவகார அமைச்சின் சட்டப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1995 ஒக்டோபரில் போருக்கு அஞ்சி எங்கள் வலிகாமப் பகுதியே ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது, எங்கள் வீட்டில் முதலில் கையில் எடுத்தது காணி உறுதியைத்தான். பொலித்தீன் பையில் சுற்றி அம்மா மடியில் கட்டிக்கொண்டார். அப்படிக் கட்டிக்கொண்டு ஓட முடியாத, கணினிக்குள் இருக்கும் பதிவுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கணினி வழியே நடக்கும் சைபர் போருக்குச் சர்வதேசச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று நிபுணர்கள் கூடி எழுதியது தாலின் கையேடு. 2013இல் வந்தது, 2017இல் விரித்தார்கள். எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சட்டத்தரணிகள் முதலில் புரட்டுவது அதைத்தான். பொதுமக்களின் பொருள்களைத் தாக்கக் கூடாது என்பது போர்ச் சட்டம். கணினித் தரவு அந்தப் 'பொருளுக்குள்' வராது என்றார்கள் அந்த நிபுணர்களில் பெரும்பாலோர். கணினி செயலிழந்தால் தாக்குதல். கணினி ஓடிக்கொண்டிருக்க, உள்ளே இருந்த பதிவு மட்டும் போனால் அந்தக் கணக்கில் சேராது.

இதை யாழ்ப்பாணத்தில் எப்படிச் சொல்வது? 1981இல் எங்கள் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன, ஓலைச்சுவடிகளும் சேர்த்து. அவை இன்று ஒரு சேர்வரில் மட்டும் இருந்து, ஒரே இரவில் யாரோ அழித்தால், கட்டடத்தில் கீறல்கூட விழாது. அப்போ ஒன்றுமே அழியவில்லையா? அந்த இரவையும் அப்போது யாரும் போர் என்று சொல்லவில்லை. கலப்புப் போரின் சூட்சுமமும் அதுதானே: போர் என்ற பெயர் வராத அளவில் நின்று அடிப்பது. 2007இல் எஸ்தோனியாவின் வங்கிகளையும் செய்தித்தளங்களையும் அப்படித்தான் முடக்கினார்கள்.

2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் சேர்வர்களுக்குள் யாரோ புகுந்தது தெரியவந்தது. 515,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள்: பிரிந்த குடும்பங்கள், காணாமற்போனோர், தடுப்பில் இருப்போர். பிள்ளையின் படத்தோடு தெருவோரம் இருக்கும் அம்மாமாரின் ஊரில் அந்தப் பட்டியலின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் சின்ன நாடு, எங்களுக்கு என்ன என்று மட்டும் சொல்லாதீர்கள். 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல்களையே கப்பம் கேட்கும் மென்பொருள் பூட்டியது. மூன்று மாதத்துக்கும் மேலான காலத்து மின்னஞ்சல்கள் மீளவில்லை, பிரதி எடுத்து வைக்கவில்லையாம்.

பொதுமக்களின் தரவுக்கும் போர்ச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று பிரான்ஸ் 2019இல் எழுத்தில் சொன்னது. நீங்களும் ஐ.நா.வில் எழுத்தில் சொல்லுங்கள்: சுவடி, காணிப் பதிவு, காணாமற்போனோர் பட்டியல் என்று பெயர் குறித்து. தமிழிலும் வெளியிடுங்கள், சரி பார்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
நல்லூரிலிருந்து ஒரு பழைய எழுத்துக்காரன்