கட்டிப்போட்ட ஆட்டின் முன்னே பதுங்கல் ஏது? காட்டுயிர் ஒளிப்படப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கும் நடுவர் பெருமக்களுக்கும்,

வணக்கம். சேலத்தில் நீங்கள் இவ்வாண்டு நடத்திய காட்டுயிர் ஒளிப்படக் கண்காட்சியின் கடைசி நாளன்று, ஏற்காட்டிலிருந்து பேருந்து பிடித்து நானும் வந்திருந்தேன். முதல் பரிசு பெற்ற, பதுங்கும் சிறுத்தைப்புலியின் படத்தின் முன் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். ஆட்டைக் கட்டிப்போட்டுச் சிறுத்தையை வரவழைத்து எடுத்த படம் அது என்பது என் ஐயம்; அதைப் பற்றி அதன் பிறகு உங்களுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டுக்கும் பதில் வராததால் மூன்றாவதைப் பலரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். விலங்கு இரையை நோக்கிப் பதுங்கும் படமோ பாயும் படமோ போட்டிக்கு வந்தால், கேமராவில் பதிவானபடியே திருத்தாமல் இருக்கும் அதன் மூலக் கோப்பையும், அது எவ்வாறு எடுக்கப்பட்டது, அந்த இரை அங்கே எப்படி வந்தது என்று எடுத்தவர் கையொப்பமிட்டுத் தரும் உறுதிமொழியையும் கேட்டு வாங்குங்கள். இவை இல்லாத படத்தைத் தேர்வுக்கே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பரிசுப் படம் இரவில் எடுக்கப்பட்டது. சிறுத்தைப்புலி முன்னங்கால்களை மடித்து, வயிறு மண்ணில் படிய, படத்துக்கு வெளியே இடப்பக்கமாக எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒளியமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடம் மட்டும் தெரியாமல் இருந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் அதன் பின்னால் இருக்கும் பாறையைச் சிறுவனாக இருந்த நாள் முதல் எனக்குத் தெரியும். நடுவில் பிளந்த அந்தப் பாறையும், அதன் மேல் சாய்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரமும், மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும் மிளகுக் கொடியும் எங்கள் ஊருக்குக் கீழே உள்ள காப்பித் தோட்டத்தின் எல்லையில் இருப்பவை. இடத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே இன்னும் நான்கு ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும்.

சிறுத்தையின் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. இரண்டு ஃபிளாஷ் விளக்குகளை முன்கூட்டியே பொருத்தி வைத்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள். அதை மட்டும் நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். காட்டுப் பாதையோரம் கேமராவைப் பொருத்திவிட்டு விலகிப் போய், தன் வழியே நடந்துவரும் விலங்கின் படம் தானாகவே பதிவாக விடுவது நேர்மையான முறை. நான்காண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் நடக்கும் புலிக் கணக்கெடுப்பே அப்படிப் பொருத்திய கேமராக்களைப் பெரிதும் நம்பித்தான் நடக்கிறது. என்னை அந்த இடத்திலேயே நிறுத்தியது, படத்தின் இடது ஓரத்தில் மண்ணில் சிதறிக் கிடந்த அகத்தி இலைகள். காப்பிச் செடிகளுக்கு நடுவே அந்தச் சரிவில் அகத்தி மரம் கிடையாது. அது சந்தையில் கட்டாக விற்கும் தழை. ஆட்டுக்குப் போடுவதற்காக வாங்கி வருவது.

மறுநாள் காலையில் பாறைக்குப் போய்ப் பார்த்தேன். மரத்தின் அடியில் கயிறு தேய்த்த தடம் பட்டையை அறுத்துப் பதிந்திருந்தது. சுற்றிலும் காய்ந்த ஆட்டுப் புழுக்கைகள் கிடந்தன. தோட்டத்துக் காவலரிடம் கேட்டபோது, மூன்று இரவுகள் ஜீப்பில் ஆட்டுக்குட்டியோடு ஆட்கள் வந்து போனதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் பிழைப்பு கெடக் கூடாது என்பதால் அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே, விலங்குக்கு இரை வைத்து இழுப்பதையும் சேர்த்திருக்கிறது. சிறுத்தை அந்தச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. துப்பாக்கி எடுத்துப் போனாலும் கேமரா எடுத்துப் போனாலும், இரை கட்டினால் சட்டத்தின் கண்ணில் அது வேட்டைதான். இதைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வேலையை அவர்கள் பார்க்கட்டும். உங்களிடம் நான் கேட்பது, அப்படி எடுத்த படத்துக்குக் கேடயம் கொடுக்காதீர்கள் என்பதைத்தான்.

எங்கள் ஊரில், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் கணவரை இழந்த ஒரு பாட்டி இருக்கிறார். தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலை ஓய்ந்த பிறகு நான்கு ஆடுகளை வைத்துப் பிழைத்துவந்தார். அந்தச் சிறுத்தை எங்கள் சரிவில் புதிதாக வந்த விலங்கு அல்ல. காட்டுப்பன்றிக் குட்டியையும் முயலையும், எப்போதாவது ஊர் எல்லையில் திரியும் நாயையும் பிடித்துத் தின்றுகொண்டு, ஆள் அரவம் கேட்டால் ஒதுங்கிப் போகும். அதன் கால் தடத்தைத்தான் நாங்கள் பார்ப்போமே தவிர, அதைப் பார்த்தவர்கள் ஊரில் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அந்த மூன்று இரவுகளுக்குப் பிறகு அது பாறைக்கு அருகிலேயே சுற்றத் தொடங்கியது. கட்டிய ஆடு இல்லாதபோது, ஆட்டின் வாடை வரும் திசையில் இறங்கி வந்தது. ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பாட்டியின் கொட்டிலில் இருந்து பால் கறக்கும் ஆட்டைத் தூக்கிச் சென்றது. எட்டு நாள் கழித்து இன்னொன்றை. இரண்டும் ஒரே சிறுத்தையின் வேலைதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கொட்டிலுக்கு வராத விலங்கு, இரை கட்டிய அதே மாதத்தில் இருமுறை வந்தது ஏன் என்ற கேள்விக்கு எனக்கு வேறு விடை கிடைக்கவில்லை.

இழப்பீட்டு விண்ணப்பத்தை நான்தான் அவருக்கு எழுதிக் கொடுத்தேன். ஆட்டின் உடலைக் காட்டச் சொன்னார்கள். அது பள்ளத்துக்குள் எங்கேயோ கிடக்கிறது; யார் இறங்கித் தேடுவது? மிச்சமிருக்கும் இரண்டு ஆடுகளையும் இப்போது பாட்டி இரவில் வீட்டுக்குள்ளேயே கட்டுகிறார். பத்தடிக்குப் பத்தடி அறையில் அடுப்பும், இரண்டு ஆடுகளும், பள்ளிக்கூடம் போகும் பேத்தியும், அவரும். கதவின் கீழ் இடுக்கில் சாக்கை அடைத்துவிட்டு, நடு இரவில் ஆடு செருமினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். காலையில் பேத்தியைப் பள்ளி வண்டி நிற்கும் இடம் வரை ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டே கூட்டிப் போகிறார். உங்கள் கண்காட்சியில் அந்தப் படத்தின் கீழே எடுத்தவரின் பெயரும், லென்ஸின் அளவும், ஷட்டர் வேகமும் எழுதியிருந்தன. அந்தத் தகரச் சத்தம் படத்தில் எங்கும் இல்லை.

பொறாமையால் எழுதுகிறேன் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சேலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த காலம் முதல் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன்; பதுங்கும் சிறுத்தையை ஒரே ஒருமுறைதான் முழுமையாகப் பார்க்க வாய்த்தது. கபினி அணையின் பின்நீர்க் கரையில், சஃபாரி வண்டியில் இருந்தபடி பார்த்தேன். புல்வெளியில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மான் தலையைக் குனிந்தால் சிறுத்தை நகரும். நிமிர்ந்தால் எடுத்த காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொள்ளும். முன்னங்கால் பதிந்த தடத்திலேயே பின்னங்காலை வைத்து, சருகு நொறுங்காமல், தோள் எலும்புகள் மட்டும் முதுகுக்கு மேலே மாறி மாறி எழுந்து தாழ, நாற்பது நிமிடத்தில் அது கடந்த தூரம் முப்பது முப்பத்தைந்து அடி இருக்கும். சில மீட்டர் தூரம் வரை நெருங்காவிட்டால் அதற்குப் பாய்ச்சல் பலிக்காது. நீண்ட தூரம் துரத்தி ஓடும் உடல்வாகு சிறுத்தைக்குக் கிடையாது. அந்த நேரத்தில் மரத்தின் மேலிருந்து ஒரு மந்தி அதைக் கண்டு இருமுவதைப் போல எச்சரிக்கைக் குரல் கொடுத்தது. அடுத்த நொடி மான்கள் அத்தனையும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. சிறுத்தை எழுந்து, இனி மறைவதில் பயனில்லை என்பதுபோல வாலை மேலே வளைத்து அதன் வெள்ளை அடிப்பக்கம் தெரியத் திறந்த வெளியில் நடந்து போனது. அந்தப் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எந்தப் போட்டிக்கும் நான் அதை அனுப்பவில்லை.

பதுங்கல் என்றால் அதுதான். மான் தப்பலாம், மந்தி காட்டிக்கொடுக்கலாம், காற்று திசை மாறி வாடையைக் கொண்டுபோகலாம். பெரும் பூனைகளின் வேட்டை முயற்சிகளில் பெரும்பாலானவை இப்படி வெறுங்கையோடுதான் முடிகின்றன. அந்தத் தோல்விகளுக்கு நடுவே கிடைக்கும் ஓர் இரையை நம்பித்தான் அவை உயிர் வாழ்கின்றன. கழுத்தில் கயிறு இருக்கும் ஆட்டுக்குத் தப்பும் வழியில்லை. அதன் முன்னே சிறுத்தை கிடக்கும் கிடையைப் பதுங்கல் என்று தலைப்பிட்டுத் தொங்கவிட்டால், பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் பொய்யைக் கற்றுக்கொடுக்கிறோம்.

இந்தக் கேடு எங்கள் மலையோடு நிற்கவுமில்லை. புலிகள் காப்பகங்களில் சுற்றுலா வண்டிகள் விலங்குகளிடமிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் வகுத்த நெறிமுறைகள் சொல்கின்றன. ஒரு புலி எழுந்து மானை நோக்கி நகரத் தொடங்கினால் போதும், கையில் நீள லென்ஸ் வைத்திருப்பவர்களே ஓட்டுநரின் தோளைத் தட்டி ‘முன்னே விடுங்கள், முன்னே விடுங்கள்’ என்று அவசரப்படுத்துவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வண்டி புலிக்கும் மானுக்கும் நடுவே போய் நிற்கும்; மான் ஓடிவிடும்; நமக்குப் படம் கிடைத்திருக்கும், புலி பட்டினியோடு திரும்பும். குட்டிகளை விட்டுவிட்டு வந்த தாய்ப்புலியாக இருந்தால் அந்த ஒரு வேளையின் விலை என்னவென்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்? ஓட்டுநர்களைக் குறை சொல்வது எளிது. அவர்களை விரட்டுவது படம். படத்தை விரட்டுவது பரிசு. அந்தப் பரிசு உங்கள் கையில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், 2009-இல் முதல் பரிசு பெற்ற, வேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம், அந்த ஓநாய் பழக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்ததால் அடுத்த ஆண்டே தகுதி நீக்கம் செய்யப்பட்டது. அதே போட்டியில் 2017-இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னி படமும், அதில் இருப்பது பஞ்சு அடைத்த உடல் என்று ஐயம் எழுந்து, வல்லுநர்கள் ஆராய்ந்த பிறகு 2018-இல் நீக்கப்பட்டது. பரிசைத் திரும்பப் பெற்றதால் அந்தப் போட்டியின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

நெகட்டிவ் இருந்த காலத்தில் அதைக் கொண்டுவந்து காட்டச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்று மூலக் கோப்பைக் கேட்டாலும் நேர்மையாகப் படமெடுத்த எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வெட்டி ஒதுக்கிய ஓரங்களும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் மேசைக்கு வந்தால், கயிறும் தழையும் தாமே பேசும். ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: வேட்டைக் காட்சி எதுவானாலும் மூலக் கோப்பையும் கையொப்பமிட்ட உறுதிமொழியையும் பெறாமல் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த ஆண்டின் முதல் பரிசுப் படத்துக்கும் அவற்றைக் கேட்டுப் பெற்று, கிடைத்ததைப் பொதுவில் வையுங்கள். நான் நினைத்தது தவறு என்று அவை காட்டினால், இதே இடத்தில் என் பெயரோடு மன்னிப்புக் கேட்டு எழுதுவேன்.

உங்களில் யாரேனும் நேரில் பார்க்க விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைக்கு வாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் நானே காத்திருக்கிறேன். பாறை வரைக்கும் அரை மணி நேர நடைதான். மரத்தில் கயிற்றின் தடம் இன்னும் இருக்கிறது. திரும்பும் வழியில் பாட்டியின் வீடு வரும்.

இப்படிக்கு,
நன்றியுடனும் எதிர்பார்ப்புடனும்,
ஏற்காட்டைச் சேர்ந்த ஒளிப்படக்காரன்