கப்பல் ஏறாதவர்களும் நம் பேட்ச்தான்

கல்கத்தா தாராதலா மரைன் இன்ஜினியரிங் கல்லூரியில் எண்பதுகளின் நடுவில் என்னோடு படித்து வெளியே வந்த தமிழ் நண்பர்களுக்கும், அடுத்த சந்திப்பை நடத்தவிருக்கும் குழுவினருக்கும், சேலத்திலிருந்து வணக்கம்.

எங்கே கூடுவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. மும்பை என்கிறார்கள் சிலர், கோவா என்கிறார்கள் சிலர். நான் ஏற்காட்டைக் கேட்கிறேன். ஊர்ப் பாசமும் இருக்கிறது, மறைக்கவில்லை. முக்கியமான காரணம் மேட்டூரில் இருக்கும் நம் நண்பன். இத்தனை வருடத்தில் ஒரு சந்திப்புக்கும் வராதவன். அவனும், அவனைப் போல ஒதுங்கிவிட்ட மற்றவர்களும் இந்த முறை வந்தாக வேண்டும்.

யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். முதல் வருட ஃபிட்டிங் ஷாப்பில் உள்ளங்கையெல்லாம் கொப்புளமாகி நாம் அரத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றபோது, இரும்புத் துண்டில் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பான். எந்த இடத்தில் மயிரிழை வெளிச்சம் கசிகிறதோ அங்கே மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடி தூக்கிப் பார்ப்பான். அவன் ராவிய அறுகோணத் துண்டைத்தான் ஜூனியர்களுக்கு மாதிரியாகக் காட்டினார்கள்.

நாம் வெளியே வந்த காலம் பொல்லாத காலம். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகம் முழுக்கச் சரக்கைவிடக் கப்பல் அதிகமாகிவிட்டது. சரக்குக் கட்டணம் விழுந்தது. கம்பெனிகள் ஓட்டினால் நஷ்டம் என்று கப்பல்களை நங்கூரத்தில் நிறுத்திப் பூட்டின, பழையதை உடைக்க விற்றன. குஜராத்தின் அலங் கடற்கரையில் கப்பல் உடைப்பு தொடங்கியதே 1983-இல்தான். கப்பல் ஓட்டக் கற்றுக்கொண்டு நாம் வந்து நின்றது இந்த நேரத்தில். பம்பாயில் அறை எடுத்துத் தங்கி, மாதக்கணக்கில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்க வீட்டில் வசதி இருந்தவனுக்குக் கப்பல் கிடைத்தது. தெரிந்தவர் இருந்தவனுக்குக் கிடைத்தது. மேட்டூர் நண்பனுக்கு இரண்டும் இல்லை, தங்கை கல்யாணம்தான் இருந்தது. 1987-இல் மேட்டூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. பாய்லரும் டர்பைனும் தெரிந்தவனுக்கு அங்கே வேலை இருந்தது. போய்ச் சேர்ந்தான், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தான்.

210 மெகாவாட் அலகு என்றால் நம்மில் பலர் ஓட்டிய கப்பல் இன்ஜினைவிடப் பத்து மடங்குக்கும் மேல். பம்ப் பேரிங்கின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி, பிடியைக் காதில் அழுத்தி, இது இன்னும் ஒரு வாரம் தாங்கும், இது தாங்காது என்று சொல்வானாம். அவனோடு வேலை செய்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இன்ஜின் ரூமில் நாமும் அதைத்தான் செய்தோம். அவன் கற்றதும் நம்மோடு அதே தாராதலாவில்தான்.

அப்படிப்பட்டவன் ஏன் வருவதில்லை? போன வருடம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது மேசை இழுப்பறையில் நம் பழைய சந்திப்பு ஒன்றுக்கான படிவம் கிடந்தது. பெயர், ஊர் எல்லாம் அவனுடைய அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தான். அடுத்த கட்டம், ‘கடைசியாக வகித்த பதவி’. அதற்கடுத்தது, ‘கடைசியாகப் பணிபுரிந்த கப்பல்’. அந்த இரண்டும் காலி. படிவம் அனுப்பப்படவே இல்லை. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. குழுவில் யாரும் கெட்ட எண்ணத்தில் அந்தக் கட்டங்களைப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கழுத்தில் தொங்கும் அட்டையில் ‘சீஃப் இன்ஜினியர்’ என்று அச்சடிக்கிறோம். நட்சத்திர ஓட்டலில் மூன்று நாள் வைக்கிறோம். மேடையில் எத்தனை கப்பல், எந்தக் கம்பெனி என்று சொல்லித்தான் ஒவ்வொருவரையும் அழைக்கிறோம். ஓய்வூதியத்தில் வாழ்பவன், சீஃப் இன்ஜினியர் தேர்வுக்கு முந்தைய படியான கிளாஸ் டூவோடு நின்றவன், காது போனதால் மெடிக்கலில் கழிக்கப்பட்டவன், குடியில் விழுந்து எழுந்தவன், இவர்களில் யார் அந்த மேடைக்கு வருவான்?

நமக்கு இந்த பேட்ச் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். கப்பலில் நட்பு காண்ட்ராக்ட் முடியும்வரைதான். ஒரே தட்டில் சாப்பிட்டவன் காண்ட்ராக்ட் முடிந்து சைன் ஆஃப் ஆகி இறங்கிப் போனால் அப்புறம் அவனைப் பார்ப்பதே அபூர்வம். அடுத்த கப்பலில் எல்லாம் புது முகம். மாறாமல் இருந்தது தாராதலா ஆட்கள் மட்டும்தான். செல்போன் இல்லாத அந்தக் காலத்தில், ஏஜென்ட் கொண்டுவரும் கடிதக் கட்டில் மனைவி கடிதத்துக்கு அடுத்து நாம் தேடியது நம் ஆட்களின் கையெழுத்தைத்தானே. ஈரான்-ஈராக் போர் நடந்தபோது வளைகுடாவில் டேங்கர்கள் தாக்கப்படுகின்றன என்று கேள்விப்பட்டால், அங்கே நம் பையன்கள் யார் யார் என்று துறைமுகத்துக்குத் துறைமுகம் விசாரித்தோம். சிங்கப்பூரில் நங்கூரம் போட்டால், ரேடியோ ஆபீசரைக் கெஞ்சி, பக்கத்துக் கப்பல்களில் நம்மவன் யாராவது இருக்கிறானா என்று விஎச்எஃப் ரேடியோவில் கேட்கச் சொன்னது உண்டு. அந்த ரேடியோ ஆபீசர் வேலையே 1999-இல் செயற்கைக்கோள் உதவியோடு இயங்கும் புதுத் தொடர்பு முறை வந்ததும் போய்விட்டது, பாவம்.

நமக்குக் கல்லூரிக்குப் பிறகு கடல் கிடைத்தது. மேட்டூர்க்காரனுக்குக் கடல் என்று கிடைத்தது அந்த நான்கு வருடக் கல்லூரி மட்டும்தான். அதிலும் அவனுக்கு இடமில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. நம்மில் சிலர் போய்விட்டார்கள். அவர்களுடைய மனைவிமார் நமக்கு வேற்றாள் இல்லை. பலர் கணவரோடு கப்பலில் வந்தவர்கள். ஸ்டவ்வே பழுதான ஒரு கிறிஸ்துமஸ் அன்று மொத்த ஆபீசர்களுக்கும் எலக்ட்ரிக் குக்கரில் தக்காளி சாதம் கிண்டிப் போட்ட அண்ணியை நான் மறக்கவில்லை. நண்பன் இறந்து முதல் வருடம் அவருக்கு அழைப்பு போனது. அடுத்த வருடத்திலிருந்து போகவில்லை. அவரைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் வந்தால் அவர்களும் வரட்டும். அப்பாவின் சிடிசி புத்தகத்தை, அதாவது கப்பல் பணிப் பதிவேட்டை, புரட்டிப் பார்த்து, ஒவ்வொரு முத்திரையும் எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று சொல்ல இன்று நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சரி, ஏற்காட்டுக்கு வருகிறேன். சென்னை, கோவை, பெங்களூரு, கேரளம் எங்கிருந்து வந்தாலும் சேலம் ஜங்ஷனுக்கு ரயில் உண்டு. மேட்டூரிலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடலாம். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு, மூட்டு வலிக்காரர்களுக்கு வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன். மே மாதம் வேண்டவே வேண்டாம். கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் சேர்ந்து அறையே கிடைக்காது. ஜனவரியில் காபிப் பழம் பறிக்கும் சமயம் குளிரும் இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி எளிமையான விடுதிகள் இருக்கின்றன. ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைக்காமல், முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும், யார் எவ்வளவு போட்டார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். இறங்கும் அன்று மாலை சேலத்தில் தட்டுவடை செட் என் பொறுப்பு.

குழுவுக்கு என் வேண்டுகோள்: படிவத்தில் பெயர், ஊர், போன் எண், கூட வருபவர்கள் எத்தனை பேர் என்பதோடு நிறுத்துங்கள். கழுத்து அட்டையில் ஹாஸ்டலில் நாம் கூப்பிட்ட பெயர் மட்டும் இருக்கட்டும். ரோல் நம்பர் வரிசையில் முழுப் பட்டியலையும் எடுத்து, தொடர்பில் இல்லாதவர் ஒவ்வொருவருக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மெசேஜ் அனுப்பிவிட்டு விட வேண்டாம். போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் நேரில் போங்கள். மேட்டூரை எனக்கு விட்டுவிடுங்கள். பொங்கல் முடிந்து வரும் சனி, ஞாயிறு எல்லாருக்கும் ஒத்து வருமா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள், அறைக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து உங்கள் பேட்ச்மேட்