பாப்பாவுக்கு, பாக்ஸ் விஷயமா

பாப்பா,

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல நீ போனை சாய்ச்சு வெச்சிட்டு தண்ணி குடிக்கப் போனியே, அப்ப பின்னாடி உன் பூனை முத்து ஒண்ணுக்கு ரெண்டுக்கு போற மணல் டப்பா, அந்த லிட்டர் பாக்ஸ் தெரிஞ்சுது. சொல்லக்கூடாதுன்னுதான் நாலு நாளா வாய மூடிட்டு இருந்தேன். மணலே தெரியல மா, மேல பூரா கட்டி கட்டியா கெடக்கு, முத்து விளிம்புல நாலு காலையும் வெச்சு நின்னுக்கிட்டு எங்க எறங்கறதுன்னு பாத்துட்டு இருந்தான். அதுக்குள்ள நீ வந்து போனை தூக்கிட்ட. நானும் அங்க மழையா வெயிலான்னு என்னமோ கேட்டு வெச்சேன்.

குறை சொல்லல. பென்சில் டப்பாவ கூட வாராவாரம் துடைச்சு வெச்ச பொண்ணு நீ, உன்ன காட்டித்தான் உங்கண்ணன திட்டுவேன். அதனாலதான் அந்த பாக்ஸ பாத்ததும் என்னமோ மாதிரி ஆயிடுச்சு. வேலை ஜாஸ்தியா இருக்கும். நைட்டு 2 மணி 3 மணிக்கெல்லாம் நீ ஆன்லைன்ல இருக்கன்னு காட்டுது, ஆபீஸ் வேலைன்னே நெனச்சுக்கறேன்.

சரி விஷயத்துக்கு வரேன். மூத்திரம் பட்டு மணல் கட்டியாயிடும்ல, அத டெய்லி அள்ளணும். முடிஞ்சா காலைல ஒண்ணு, படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, ரெண்டு நிமிஷ வேலை. அதுக்கு எந்திரிக்கணும்தான், எந்திரிச்சிடு. மணல் 2, 3 இன்ச் ஒசரம் இருக்கணும், கம்மியா போட்டா மூத்திரம் அடில போய் ஒட்டிக்கும், நீ சுரண்டுவ, பிளாஸ்டிக்ல கோடு விழும், அந்த கோட்டுக்குள்ள நாத்தம் போய் உக்காந்துக்கும், அப்புறம் எத்தன தேய்ச்சாலும் போகாது, பாக்ஸயே மாத்தணும். அப்பப்ப எல்லாத்தையும் கொட்டிட்டு வெந்நீர்லயும் பாத்திரம் தேய்க்கற சோப்புலயும் கழுவி நல்லா காய வெச்சுட்டு புது மணல் போடு. பிளீச் மட்டும் ஊத்திடாத, மூத்திரத்துல இருக்கற அமோனியாவோட சேந்தா குளோரமைன்னு ஒரு வாயு வரும், மூச்ச அடைக்கும். வாசனை போட்ட மணலும் வேண்டாம், நமக்குத்தான் அது வாசனை, பூனைக்கு அது மூஞ்சில அடிக்கற மாதிரி. கமோட்லயும் கொட்டாத, அந்த மணல் களிமண்ணு, தண்ணில ஊதி பைப்ப அடைச்சுக்கும். பூனைக்கு ஒண்ணு, அதுக்கு மேல எக்ஸ்ட்ரா ஒண்ணுன்னு கணக்கு, அப்ப முத்துவுக்கு 2 பாக்ஸ். ஒண்ணே அள்ள முடியலன்னு சொல்லுவ. சரி, ஒண்ணே இருக்கட்டும், அத டெய்லி அள்ளு.

அள்ளறப்ப கிளவுஸ் போட்டுக்கோ, முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவு. சில பூனை மலத்துல டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு கிருமி வருமாம், வெளிய வந்த உடனே தொத்தாது, 1 லேந்து 5 நாள் ஆகும், அதனால டெய்லி அள்ளிட்டா பெருசா பயமில்ல. மாசமா இருக்கறவங்க அந்த பக்கமே போகாம இருந்தா நல்லதாம். இது உங்கம்மா எழுத சொன்னது, ஏன்னு நான் கேக்கல, நீயும் கேக்காத.

இன்னொண்ணு, அள்ளறது சுத்தத்துக்கு மட்டும் இல்ல. அள்ளும்போதுதான் நேத்து எத்தன கட்டி, இன்னைக்கு எத்தனன்னு தெரியும். திடீர்னு பெருசு பெருசா நெறைய வந்தா சுகரா இருக்கலாம், கிட்னியா இருக்கலாம். கட்டியே வரலன்னா அது இன்னும் மோசம். பூனை வலிய காட்டாது, உங்க தாத்தா மாதிரி, கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னு சொல்ற ஜாதி. அதான் டெய்லி அள்ளுன்னு சொல்றேன்.

எழுத ஆரம்பிச்சுட்டேன், சொல்லிடறேன். நம்ம பழைய பூனை கருப்பன் தூக்கத்துல போகல மா.

கடைய மூடின மாசம். உங்கம்மா பாட்டிக்கு தொணையா ஆஸ்பத்திரில இருந்தா. நீ ஸ்கூலுக்கு போன உடனே கதவ சாத்திட்டு படுத்துடுவேன், தூக்கமும் கெடையாது, சும்மா சுவத்த பாத்துட்டு கெடப்பேன், கேட்டு சத்தம் கேட்டதும் எந்திரிச்சு உக்காந்து பேப்பர விரிச்சு வெச்சுக்குவேன். பகல் பூரா பேப்பர் படிச்ச ஆளுன்னு நீ நெனச்சிருப்ப. கருப்பன் பாக்ஸ அள்ளற வேலை என்னோடது, பின்னாடி இருந்ததால உன் கண்ணுல படல. நாலு நாளோ அஞ்சு நாளோ நான் தொடவே இல்ல. அவன் திரும்ப திரும்ப உள்ள போய் உக்காந்து முக்கறான், வெளிய வந்து கத்தறான், பாத்ரூம் தரையில ரெண்டு சொட்டு விடறான், பாக்ஸ் அழுக்கா இருக்கறதால கோவத்துல பண்றான்னு நெனச்சு அந்த பேப்பராலயே ஒரு அடி அடிச்சேன் பாப்பா. அவன் ஓடல, அங்கயே படுத்துட்டான்.

மறுநாள் காலைல நீ போனப்புறம் கூடைல வெச்சு தூக்கிட்டு போனேன். டாக்டர் வயித்த அமுக்கி பாத்துட்டு கேட்டார், கடைசியா எப்ப மூத்திரம் போச்சுன்னு. எனக்கு தெரியல. அஞ்சு நாள் கட்டி ஒண்ணா கெடக்குது, எது புதுசு எது பழசு. கடுவனுக்கு பாதை ரொம்ப குறுகல், உப்பு மாதிரி படிகம் சேந்து அடைச்சுக்கும், முழுசா அடைச்சா 24 லேந்து 48 மணி நேரத்துல உயிரே போயிடும்னார், முந்தின நாளே கொண்டாந்திருந்தா டியூப் போட்டு எடுத்திருக்கலாம்னும் சொன்னார். வீட்டுக்கு வந்து முதல் வேலையா பாக்ஸ கழுவினேன். எதுக்கு கழுவினேன்னு இன்னைக்கும் தெரியல. சாயங்காலம் உன்கிட்ட தூக்கத்துலயே போயிட்டான்னு சொன்னேன், நீ நம்பிட்ட, உங்கம்மாவும் நம்பிட்டா, அவகிட்ட சொல்லிடாத.

அந்த மாசம் எனக்கு என்னன்னு யாரும் கேக்கல, கேட்டிருந்தாலும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லியிருப்பேன். அதனால நான் உன்ன எதுவும் கேக்கல. முத்து கடுவன், அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, உள்ள போய் முக்கிட்டு ஒண்ணும் வராம வெளிய வந்தான்னா விடியட்டும்னு இருக்காத, அப்பவே தூக்கிட்டு ஓடு. அண்ணன் ஊருக்கு வரேன்னு சொல்லியிருக்கான். பாட்டி நல்லா இருக்காங்க. டெய்லி அள்ளு மா.

இன்னைக்கு அள்ளிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. நைட்டு 3 மணிக்கு அனுப்பினாலும் பரவால்ல, நானும் முழிச்சுத்தான் இருப்பேன்.

அப்பா